சிவப்பு என்று சொன்ன வகுப்பு

வேதியியல் கற்பித்தல் முறை எடுக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி நம் பி.எட். கல்லூரி முதல்வர் கேட்டார். பாடத்திட்டம் எழுதுவது எப்படி, கரும்பலகையை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு பாட்டிலைப் பற்றி. பஸ் ஸ்டாண்டில் விற்கிற சின்ன தண்ணீர் பாட்டில். 

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளி. சித்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை போன பிறகு, கேஸை மூடினேனா என்று சந்தேகம் வந்து ஆட்டோ பிடித்துத் திரும்பி ஓடியவள். ஒரு தடவை இல்லை, பல தடவை. பயத்தோடு கோபமும் உண்டு. திருப்பதியில் நம் கல்லூரியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் இரண்டும் குறையவில்லை. பிள்ளைகள் எனக்கு 'டென்ஷன் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பி.எட். பிள்ளைகளுக்கு இறுதிப் பாடம் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும், நீங்களும் அதைத் தாண்டி வந்தவர்கள்தான். ரெண்டு வருஷப் படிப்பு, நாற்பது நிமிஷத்தில் முடிவாகும். வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் கடைசி பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் நாம் உட்காருவோம். நாம் வாயைத் திறக்கக்கூடாது. முன்னால் ஒரு பிள்ளை சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு திணறும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, நாமே போய் நின்று நடத்திவிட்டு ஃபெயில் ஆகிவிடலாம் என்று தோன்றும்.

அந்தப் பயத்துக்கு நான் ஒரு மருந்து கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒத்திகை. இறுதிப் பாடம் எந்த வகுப்பில் நடக்குமோ அதே வகுப்பில், அதே பாடத்தை, அதே சோதனையை முன்கூட்டியே மூன்று தடவை நடத்திவிட வேண்டும். கேள்வி வரும் முன்பே குழந்தைகளுக்குப் பதில் தெரியும். இன்னொரு தந்திரமும் உண்டு: பதில் தெரிந்தால் வலது கையைத் தூக்கு, தெரியாவிட்டால் இடது கையைத் தூக்கு. எல்லாரும் கை தூக்கியிருப்பார்கள், எக்ஸாமினருக்குக் கண் குளிர்ந்துபோகும். நம் பிள்ளை வலது கைகளில் ஒன்றைப் பார்த்துக் கேட்டால் போதும். இதை எல்லாக் கல்லூரியிலும் செய்கிறார்கள் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நம் கல்லூரியில் இதை வருஷா வருஷம் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

பாடத்திட்டத்தில் கடைசிக் கட்டம் ஒன்று இருக்கிறதே, 'மாணவர் விடை' என்று? வகுப்புக்குப் போவதற்கு முன்பே, மாணவர் என்ன சொல்வார் என்று நாம் எழுதிவைக்கும் கட்டம். அது எழுதியபடியே நடந்தால் நல்ல பாடம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் குழுவில் பவித்ரா என்று ஒரு பெண். விஜயபுரம் பக்கத்து ஊர். அவர்கள் தாத்தா காலத்தில் வீட்டுக்குக் காணி நிலம் கிடையாது; இப்போது அவள் நைனா கொஞ்சம் நிலத்தில் வேர்க்கடலை போடுகிறார். அம்மா ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள், விடியற்காலையில் கம்பெனி பஸ். பவித்ரா பி.எஸ்சி. வேதியியல். வகுப்பில் வாயே திறக்காது. ஆனால் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தால் அச்சடித்த மாதிரி இருக்கும்.

அவளுக்கு எது பெரிது என்றால் அந்த வருஷத்து ஆசிரியர் தேர்வு. தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு இயற்பியல், வேதியியல் எடுக்க ஆள் எடுப்பது ஆந்திராவில் நம் பக்கத்தில் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று உங்களுக்கே தெரியும். வந்தாலும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அறிவிப்பு வரப்போகிறது என்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் பேச்சு. கையில் பி.எட். தேர்ச்சி இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும். இறுதிப் பாடத்தில் தவறினால் அடுத்த வருஷம்தான் மறுபடி. அதற்குள் இடம் போய்விடும், அடுத்த அறிவிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. "இது போச்சுன்னா எனக்குக் கல்யாணம் பண்ணிடுவாங்க மேடம்" என்று ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள், பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி.

அவளுக்கு ஒதுக்கியது சத்தியவேட்டைத் தாண்டி ஓர் உயர்நிலைப் பள்ளி, ஏழாம் வகுப்பு, அமிலங்களும் காரங்களும். சோதனை எளிது. வினிகரில் நீல லிட்மஸ் காகிதத்தை நனைத்தால் சிவப்பாகும். காஸ்டிக் சோடாக் கரைசலில் சிவப்பு லிட்மஸ் நீலமாகும். நடுவில் குழந்தைகளுக்குப் பிடித்த ஒரு கட்டம்: ஒரு பையன் வந்து வினிகரைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்து, "புளிக்குது டீச்சர்" என்று சொல்ல வேண்டும். அமிலம் புளிக்கும் என்பதற்கு அது சான்று. வினிகர் சமையலறைப் பொருள்தானே, ஆபத்தில்லை என்று திட்டத்தில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

அன்றைக்கு எனக்கு ஐந்து பேருக்கு இறுதிப் பாடம், இரண்டு பள்ளிகளில். ஆய்வகத்தில் கரைசல் தயார் செய்து தரும் அட்டெண்டர் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு. பிள்ளைகள் தயார் செய்யட்டும் என்று விட்டிருக்கலாம். எனக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. காலையில் ஆறு மணிக்கே போய் நானே உட்கார்ந்தேன். கண்ணாடி பாட்டில் பயணத்தில் உடையும் என்று காலி தண்ணீர் பாட்டில்களைக் கழுவி வைத்திருந்தோம். நேரம் மிச்சமாகும் என்று முதலிலேயே எல்லாவற்றுக்கும் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பேர் எழுதிவிட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாக ஊற்றத் தொடங்கினேன்.

நடுவில் எக்ஸாமினர் போன் செய்தார், காரை எங்கே அனுப்புவீர்கள் என்று. அவருக்கு வழி சொல்லி, டிரைவருக்குப் போன் செய்து, டிரைவர் எடுக்காமல், மறுபடி செய்து, திரும்பி வந்து ஊற்றினேன். வினிகரும் தெளிவாக இருக்கும். காஸ்டிக் சோடாவும் தெளிவாக இருக்கும். ஒரு ஜோடி பாட்டிலில் மாற்றி ஊற்றிவிட்டேன். அது தெரியாமலேயே மூடிகளை இறுக்கிப் பெட்டியில் அடுக்கினேன்.

பள்ளியில் பெட்டியைத் திறந்து பவித்ராவிடம் அவளுடைய இரண்டு பாட்டில்களைக் கொடுத்தபோது, "கீழ போட்டுடாதே, சிந்திடாதே, ஒத்திகையில பண்ண மாதிரியே பண்ணு, ஒண்ணும் புதுசா பண்ணாதே" என்று வரிசையாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.  

பாடம் ஆரம்பித்தது. எக்ஸாமினர் வேறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்தவர், தெலுங்குக்காரர், தமிழ் பாதி புரியும். கேட்டதற்கெல்லாம் முப்பது கைகள் மேலே போயின. அவர் முகம் மலர்ந்தது. எனக்கு மூச்சு வந்தது. பவித்ரா வினிகர் என்று எழுதியிருந்த பாட்டிலைத் திறந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, நீலக் காகிதத்தை நனைத்து உயர்த்திக் காட்டினாள்.

"என்ன நிறமாச்சு?"

"செவப்பு டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

காகிதம் நீலமாக இருந்தது.

நான் பார்த்தேன். கடைசி பெஞ்சிலிருந்து தெளிவாகப் பார்த்தேன். இதை நீங்கள் மறக்கக்கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பார்த்தபோது என் மனதில் ஓடியது இதுதான்: காகிதம் பழசு போலிருக்கிறது, ஈரத்தில் கெட்டுப்போயிருக்கும், நல்லவேளை குழந்தைகள் சிவப்பு என்று சொல்லிவிட்டார்கள், எக்ஸாமினர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார், போ, போ, அடுத்ததுக்குப் போ. பாட்டிலைப் பற்றி எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதன்மேல் இருந்தது என் கையெழுத்து.

அடுத்தது அந்தப் புளிப்புக் கட்டம். கிஷோர் என்று ஒரு பையன் அதற்கென்றே பழகியவன். ஒத்திகையில் மூன்று தடவையும் நாக்கில் ஒரு துளி வைக்கச் சொன்னால் ஒரு ஸ்பூன் முழுக்கக் குடித்து, முகத்தை அஷ்டகோணலாக்கி வகுப்பைச் சிரிக்கவைத்தவன். யாரும் கூப்பிடும் முன்பே எழுந்து வந்துவிட்டான். அவனுக்கு அவன் பங்கு மனப்பாடம். ஸ்பூனை எடுத்தான். கிண்ணத்தில் முக்கினான்.

அப்போது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"நீலமாத்தான் கீது டீச்சர்."

யாமினி என்று ஒரு சின்னப் பெண். அம்மை போட்டு ரெண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. மூன்று ஒத்திகையிலும் அவள் இல்லை. அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. வலது கை, இடது கை எதுவும் தெரியாது. கண்ணில் பட்டதைச் சொன்னாள். பக்கத்தில் இருந்தவள் அவளை முழங்கையால் இடித்து, "ஏய், செவப்புன்னு சொல்லு" என்றாள்.

எனக்கு அந்தக் குழந்தைமேல் கோபம் வந்தது. ஆமாம், கோபம். இவளை ஏன் உள்ளே உட்காரவைத்தார்கள் என்று நினைத்தேன்.

பவித்ரா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். கிஷோரின் ஸ்பூன் பாதி வழியில் வந்துவிட்டது.  ஒரே எட்டில் வந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். ஸ்பூன் சுவரில் போய் விழுந்தது. கரைசல் மேஜையிலும் அவன் விரலிலும் சிதறியது.

"யாரும் தொடாதீங்க! முன்னாடி பெஞ்ச்சு எழுந்து பின்னால போங்க!" இரண்டு வருஷத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு குரல் நான் கேட்டதில்லை. அவனைக் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே குழாய்க்கு இழுத்துக்கொண்டு போனாள். எக்ஸாமினர் திகைத்து என்னைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் பாட்டில்கள் நினைவுக்கு வந்தன.  நீர்த்த கரைசல்தான். இருந்தாலும் ஒரு ஸ்பூன் உள்ளே போயிருந்தால் அந்தப் பையனின் வாயும் தொண்டையும் வெந்துபோயிருக்கும். நான் அங்கே உட்கார்ந்து மார்க் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவள் திரும்பி வந்து மேஜையைத் துடைத்தாள். சிவப்புக் காகிதம் ஒன்றை எடுத்து அதே கிண்ணத்தில் நனைத்தாள். நீலமானது. இன்னொரு பாட்டிலின் மூடியைத் திறந்ததும் வினிகர் வாசனை கடைசி பெஞ்ச் வரை வந்தது.  பாடத்திட்டம் மேஜையில் திறந்தே கிடந்தது, அதை மூடிவிட்டாள்.

"பாட்டில் மேல எழுதியிருக்கறது ஒண்ணு, உள்ள இருக்கறது வேற. எழுதினவங்க தப்பா எழுதிட்டாங்க. நான் பாக்காம எடுத்துக்கினு வந்துட்டேன். பேப்பர் நீலமாத்தான் இருந்துச்சி. ஏன் எல்லாரும் செவப்புன்னு சொன்னீங்க?"

 கிஷோர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீங்க அப்டித்தானே சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்."

பவித்ரா தலையாட்டினாள். "ஆமாண்டா. அது என் தப்பு." மீதி நேரத்தில் அவள் புதிய பாடம் எதுவும் நடத்தவில்லை. தெரியாத திரவத்தை ஏன் நாக்கில் வைக்கக்கூடாது, வாசனையை எப்படித் தூரத்திலிருந்து பார்ப்பது என்று அதையே பேசினாள். மணி அடித்துவிட்டது. திட்டத்தில் பாதி மிச்சம்.

வராந்தாவில் எக்ஸாமினர் அவளை நிறுத்தினார். கோபமாகத்தான் இருந்தார், அதில் தப்பில்லை. "ஈ பாட்டில் எவரு நிம்பாரு?" என்று தெலுங்கில் கேட்டார், இந்த பாட்டிலை நிரப்பியது யார் என்று.

பவித்ரா என்னை ஒரே ஒரு விநாடி பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "நேனே சார்" என்றாள். நான்தான் சார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

எக்ஸாமினர் என்னிடம் திரும்பி, "பாடம் முடியவில்லை, பொருளைச் சரிபார்க்கவில்லை, ஒரு குழந்தைக்கு ஆபத்து. இதற்கு நான் எப்படி பாஸ் போடுவேன் மேடம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். நான் ஏதோ முனகினேன். அவர் தலைமை ஆசிரியர் அறைக்குச் சாப்பிடப் போனார். மதியம் இன்னொரு பாடம் பார்த்துவிட்டு மதிப்பெண் தாளைக் கவரில் போட்டு ஒட்டிவிடுவார்.

உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவளைக் காப்பாற்றுவது எப்படி என்று நான் யோசிக்கவில்லை. என் பேர் கெடாமல் அவளைக் காப்பாற்றுவது எப்படி என்று யோசித்தேன். ரிட்டயர் ஆக சில மாசம்தான் பாக்கி. இத்தனை வருஷம் ஒரு மெமோ வாங்கியதில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிவிட்டால்? பையன் வீட்டில் வந்து சண்டை போட்டால்? அவளுக்குத் தனியாக ஒரு மறுதேர்வு கேட்டுப் பார்க்கலாமா, டீனைத் தெரியுமே, என்றெல்லாம் கணக்குப் போட்டேன். அவளே ஒத்துக்கொண்டாளே, நல்ல பெண், என்மேல் எவ்வளவு மரியாதை என்று ஒரு நிமிஷம் நெகிழ்ந்துகூடப் போனேன். தூ.

அவளைத் தேடிப் போனேன். குழாயடியில் கிஷோரை நிறுத்தி மறுபடி அவன் விரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எரியுதாடா? வழவழன்னு இருக்குதா இன்னும்?" என்று கேட்டுக் கேட்டுக் கழுவினாள். அவன், "இல்ல டீச்சர், போதும் டீச்சர், சோறு துன்னணும் டீச்சர்" என்று நெளிந்தான். அவனை அனுப்பிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வாசனை வரலியே, அப்பவே தெரியலியா உனக்கு?" என்று கேட்டேன். பாருங்கள், அப்போதும் முதலில் அவளைத்தான் குற்றம் கேட்டேன்.

"தெரிஞ்சிது மேடம். மூடி தொறந்தப்பவே வாசன இல்லன்னு தோணுச்சி. ஆனா ஒத்திகைல பண்ண மாதிரியே கை அதுபாட்டுக்குப் போய்க்கினே இருந்துச்சி. அந்தப் பொண்ணு சொல்லலன்னா..." 

"நீதான் நிரப்பினேன்னு ஏம்மா சொன்ன?"

முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். மறைக்க அவளுக்குச் சக்தி இல்லை போலிருக்கிறது. சாதாரணமாகச் சொன்னாள்: "அந்த சார் இன்னிக்கு வந்துட்டு போயிடுவாரு மேடம். அவரு ஃபெயில் போட்டா அடுத்த வருஷம் எழுதிக்கலாம். இன்டர்னல் மார்க்கு உங்க கைல கீது. நீங்க கோவிச்சுக்கினா நான் இன்னா பண்றது?"

மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, அது பயம். வெறும் பயம். எக்ஸாமினர்மேல் எனக்கு இருந்த அதே பயம் அவளுக்கு என்மேல்.

நான் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனபோது எக்ஸாமினர் மோர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். பாட்டிலை நிரப்பியது நான். லேபிள் என் கையெழுத்து, வேண்டுமானால் ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தைகளை ஒத்திகை பார்க்கவைத்ததும் நான். காகிதம் நீலமாக இருந்ததை நானும் பார்த்தேன், சும்மா இருந்தேன். வராந்தாவில் அந்தப் பெண் பொய் சொன்னபோதும் சும்மா இருந்தேன்.  பாதியில் அழுதுவிட்டேன். தலைமை ஆசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

எக்ஸாமினர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.  "ஒத்திகை எங்கள் கல்லூரியிலும் உண்டு மேடம்" என்றார், என்னைப் பார்க்காமல். பிறகு, "வேறு யாரோ தவறாகக் கொடுத்த பாட்டில். எழுதி வைத்த பதில் வேறு. முப்பது குழந்தைகள் சிவப்பு என்கிறார்கள். பின்னால் நாம் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறோம். அந்த நிலையில் இந்தப் பெண் பாடத்தை நிறுத்தினாள்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. மதிப்பெண் தாளை எடுத்தார். என்ன போட்டார் என்று அப்போது எனக்குத் தெரியாது. "உங்களைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கும்" என்றார். எழுதுங்கள் என்றேன்.

எழுதினார். மெமோ வந்தது. கடைசி சில மாசம் இறுதிப் பாட வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். அவமானமாகத்தான் இருந்தது, இல்லை என்று பெருந்தன்மை பேச மாட்டேன். கிஷோரின் விரல் இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று தலைமை ஆசிரியர் போன் செய்தபோதுதான் தூக்கம் வந்தது. பவித்ரா தேர்ச்சி பெற்றாள், பெரிய மதிப்பெண் எல்லாம் இல்லை. அறிவிப்பு வந்தது, எழுதினாள், வேலையும் கிடைத்தது. இப்போது குடுபல்லிப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் இருக்கிறாள். பஸ் இல்லை என்று மாசம் ஒரு தடவை எனக்குப் போன் செய்து புலம்புகிறாள்.

வேலை முறையாக உங்களுக்கு நான் சொல்ல இரண்டே இரண்டு விஷயம். ஒரு நேரத்தில் ஒரு பாட்டில். ஊற்றிய பிறகு லேபிள், ஒட்டிய பிறகுதான் அடுத்த பாட்டில். இது எளிது. மற்றது அவ்வளவு எளிதில்லை: உங்களைப் பற்றி உங்கள் மாணவர்களிடம் கேட்பதாக இருந்தால், உள்மதிப்பெண்ணை, அதுதான் இன்டர்னல் மார்க்கை, போட்டு, கவரை ஒட்டி, அப்புறம் கேளுங்கள். நான் ஒரே ஒரு தடவைதான் அப்படிக் கேட்டேன்.

இறுதிப் பாடம் முடிந்த அந்த வாரமே, ரெக்கார்டில் கையெழுத்து வாங்க பவித்ரா திருப்பதிக்கு வந்தாள். அவள் கண்முன்னால் உள்மதிப்பெண் தாளை எழுதி முடித்து, கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு மேஜையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன்.

"பவித்ரா, ஒட்டியாச்சு. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல. ரெண்டு வருஷம் என் க்ளாஸ்ல உக்காந்திருந்தியே. நான் எப்படிச் சொல்லிக் குடுத்தேன்? உள்ளதைச் சொல்லு."

அவள் கவரைப் பார்த்தாள். கையை நீட்டி ஒட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"மாட்டேன்."

"க்ளாஸ் முடியும்போது புரிஞ்சுதான்னு கேப்பீங்க இல்ல மேடம். புரிஞ்சவங்க கை தூக்குங்கன்னு."

"ஆமா. எல்லாரும் தூக்குவீங்களே."

"பாதி நாள் ஒண்ணுமே புரியாது மேடம்" என்றாள் பவித்ரா. "வலது கையவே தூக்கிக்கினு இருந்தோம்."